ஊசிமுனை மருத்துவமும் நம் தாய்மாரும்

கம்பம் பள்ளத்தாக்கின் பங்குகளிலிருந்து நமக்கு அடிக்கடி வந்துகொண்டிருக்கும் கேள்வி ஒன்று உண்டு. மாதவிலக்குக் கோளாறுக்கும், பிள்ளைப்பேறு தள்ளிப்போவதற்கும், மசக்கை வாந்திக்கும், தாய்ப்பால் குறைவுக்கும் அக்குபங்சர் எனப்படும் ஊசிமுனை மருத்துவத்தை நாடலாமா என்பதே அது. சிலர் நாடலாமா என்று கேட்பதில்லை, ஏற்கெனவே நாடிவிட்டு, "வீட்டில் சொல்லவில்லை, தவறில்லையே?" என்று கேட்கிறார்கள். இன்னும் சிலரோ, யின், யாங் என்றெல்லாம் பேசும் இம்முறை நம் விசுவாசத்துக்கு ஒவ்வாததோ என்று அஞ்சுகிறார்கள். இம்மாதம் இதைச் சற்று விரிவாகவே எடுத்துக்கொள்வோம்.

முதலில் நம் பள்ளத்தாக்குப் பெண்களின் உடல்நிலையை நினைத்துப் பார்க்கவேண்டும். கம்பம்மெட்டு வழியாகவும், குமுளி வழியாகவும், போடிமெட்டு வழியாகவும் விடியுமுன்னரே ஜீப்புகளில் நெருக்கியடித்து ஏறி இடுக்கி மாவட்டத்து ஏலக்காய்த் தோட்டங்களுக்குச் செல்லும் பெண்கள் ஆயிரக்கணக்கானோர். வேலைக்குச் சென்ற இடத்தில் மறைவிடம் இராது என்பதற்காகத் தண்ணீரைக் குறைத்துக் குடிப்பார்கள். குனிந்து நிமிர்ந்து இடுப்பு ஓய்ந்து, இருட்டியபின் வீடு திரும்பி அடுப்பு மூட்டுவார்கள். திராட்சைக் கொடிப்பந்தலின்கீழ் கையை உயர்த்தியபடி நாள் முழுதும் நிற்பவர்களின் தோள்வலி வேறு வகையானது. தமிழகத்தில் 15 முதல் 49 வயதுக்குட்பட்ட பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோர் இரத்தசோகை உடையவர்கள் என்று ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வு கூறுகிறது. இத்தகைய உடலில் மாதவிலக்கு தவறுவதும், அதிகப்படுவதும், களைப்பும், மனச்சோர்வும் தோன்றுவதில் வியப்பில்லை. ஆனால் வெளியே ஒன்றுபோலத் தோன்றும் இக்குறைகளுக்கு உள்ளே வெவ்வேறு காரணங்கள் இருக்கக்கூடும். இதை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ளவேண்டும். நாம் கூறப்போவது பெரிதும் இதனையே சார்ந்திருக்கிறது.

அக்குபங்சர் சீனத்தின் பழைய மருத்துவம். உடலினூடே 'சி' என்னும் உயிராற்றல் குறிப்பிட்ட பாதைகளில் ஓடுகிறதென்றும், அப்பாதைகளில் உள்ள புள்ளிகளை மெல்லிய ஊசியால் தூண்டினால் தடைபட்ட ஓட்டம் சீர்ப்படுமென்றும் அதன் நூல்கள் கூறும். இப்பாதைகளை உடற்கூற்றில் எவரும் கண்டதில்லை. எனினும் ஊசி குத்தும்போது நரம்புகள் தூண்டப்படுவதும், வலியைத் தணிக்கும் சில பொருள்கள் உடலிலேயே சுரப்பதும் ஆய்வில் தெரிந்தவை. யின், யாங் என்பவை குளிர்ச்சி, வெம்மை என்று நம் பாட்டிமார் பேசுவதைப்போல, அக்காலச் சீன மருத்துவர் உடலைப் புரிந்துகொள்ள வகுத்துக்கொண்ட சொற்களே, வழிபாடு அன்று. இம்மருத்துவத்தை ஐரோப்பியருக்கு அறிமுகம் செய்தவர்களுள் இயேசு சபைத் துறவியரும் உண்டு. போலந்து நாட்டு மிஷனரியான மிக்கேல் போயிம் அடிகள் (1612–1659) சீனரின் நாடிப்பரீட்சையைப் பற்றியும் சீன மூலிகைகளைப் பற்றியும் எழுதிவைத்தார். எனவே விசுவாசத்தைப் பற்றிய அச்சத்தை இங்கேயே விட்டுவிடலாம். நம் அச்சம் வேறோர் இடத்தில் இருக்கவேண்டும்.

இந்தியாவுக்கு இம்முறை வந்த கதை சுவையானது. 1938-ஆம் ஆண்டு, ஜப்பானியரின் தாக்குதலுக்கு ஆளாகியிருந்த சீனாவுக்கு உதவும் பொருட்டு இந்தியாவிலிருந்து ஐந்து மருத்துவர்கள் சென்றனர். அவர்களுள் டாக்டர் கோட்னிஸ் அங்கேயே உயிர்நீத்தார். அவருடைய தோழர்களுள் ஒருவரான டாக்டர் பிஜய் குமார் பாசு பின்னர் 1958-இல் மீண்டும் சீனம் சென்று அக்குபங்சர் கற்றுவந்து, கல்கத்தாவில் அதனைத் தொடங்கினார். இலங்கையில் டாக்டர் அன்டன் ஜயசூரிய கொழும்புக்கு அருகே களுபோவில அரசு மருத்துவமனையில் இதனை நடத்திப் பல நாட்டவருக்கும் பயிற்சி அளித்தார். 1971-இல் ஜேம்ஸ் ரெஸ்டன் என்னும் அமெரிக்கப் பத்திரிகையாளர் பீக்கிங் நகரில் குடல்வால் அறுவைக்கு ஆளாகி, அதற்குப்பின் தோன்றிய வயிற்று உபாதைக்கு ஊசிமுனைச் சிகிச்சை பெற்றதைப் பற்றி எழுதவே, உலகின் கவனம் இதன்பால் திரும்பிற்று. 2019-ஆம் ஆண்டு பிப்ரவரியில் நம் நடுவண் அரசும் இதனைச் சிகிச்சைமுறைகளுள் ஒன்றாக ஏற்று ஆணை பிறப்பித்தது.

தமிழகத்தில் இது தனக்கென ஓர் உருவம் கொண்டுவிட்டது. பலர் நாடி பார்த்து, பஞ்சபூதக் கணக்கில் குறையைக் கண்டு, ஒரே ஓர் ஊசியை இடுகிறார்கள். சிலர் ஊசியும் இன்றி விரல்நுனியால் ஒரு புள்ளியைத் தொடுவதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். நம் கம்பத்திலேயே இதற்கெனப் பயிற்சிக்கூடம் உண்டு. அவ்வூரைச் சேர்ந்த எழுத்தாளரும் அக்குபங்சர் சிகிச்சையாளருமான அ. உமர் பாரூக் அவர்களின் 'உடலின் மொழி' முதலிய நூல்கள் தமிழ் வாசகரிடையே நன்கு அறிமுகமானவை. ஆகவே இது ஏதோ தொலைநாட்டு விந்தை என்று நம்மவர் கருதுவதில்லை. பக்கத்துத் தெருவின் பெயர்ப்பலகையாகவே இது அவர்களுக்குத் தெரியும்.

பெண்கள் ஏன் அங்கே செல்கிறார்கள்? இதற்கு நாம் நேர்மையாக விடைகூறவேண்டும். அரசு மருத்துவமனையின் வெளிநோயாளர் வரிசையில் ஒரு தாய் இரண்டு மணிநேரம் நின்று, இரண்டு நிமிடம் மருத்துவரைப் பார்த்து, சீட்டோடு வெளியே வருகிறாள். தன் வெள்ளைப்படுதலையோ, கணவனோடு சேர்வதில் உள்ள வலியையோ, பிள்ளையில்லாக் குறைக்காக மாமியார் பேசும் பேச்சையோ அவள் அங்கே எப்படிச் சொல்வாள்? ஊசிமுனை மருத்துவரோ அவளை உட்காரவைத்துக் கையைப் பிடித்து நாடி பார்க்கிறார்; தூக்கம் எப்படி, பசி எப்படி, எதை நினைத்து வருந்துகிறாய் என்று கேட்கிறார். இவ்வாறு ஒருவர் கேட்டதே பல பெண்களுக்கு முதல் மருந்தாகிவிடுகிறது. இதை நாம் ஏளனமாகக் கூறவில்லை. நம் கன்னியர் நடத்திய பழைய மருந்தகங்களைப் பெண்கள் தேடிச் சென்றதற்கும் இதுவே ஒரு காரணம் என்பதை மூத்தவர்கள் அறிவார்கள். ஆங்கில மருத்துவர் இதனைக் கற்றுக்கொண்டால் பாதி வழக்கு தீரும்.

இனி, கேட்பதோடு நில்லாமல் அந்த ஊசி எதைச் செய்கிறது, எதைச் செய்வதில்லை என்று பார்ப்போம். உலகின் பல நாடுகளில் இதனை முறையாகச் சோதித்திருக்கிறார்கள். ஒரு சாராருக்கு உண்மையான புள்ளியில் ஊசி, மற்றொரு சாராருக்குப் புள்ளியல்லாத இடத்தில் பெயருக்கு ஊசி என்று பிரித்துப் பார்ப்பது வழக்கம்.

மசக்கைக் குமட்டலுக்கு ஓரளவு பயன் தெரிகிறது. ஆஸ்திரேலியாவில் 593 கர்ப்பிணிகளைக் கொண்டு செய்து 2002-இல் வெளியான ஆய்வில், ஊசி பெற்றோருக்கு முதல் வாரத்திலிருந்தே குமட்டல் குறைந்தது, வாந்தி குறையவில்லை. வேடிக்கை என்னவெனில், பெயருக்கு ஊசி பெற்றோருக்கும் மூன்றாம் வாரத்திலிருந்து குமட்டல் குறைந்தது. சிசுக்களுக்குத் தீங்கு எதுவும் காணப்படவில்லை. மணிக்கட்டின் உட்புறக் கோட்டிலிருந்து மூன்று விரற்கடை மேலே, இரு தசைநார்களுக்கு நடுவிலுள்ள புள்ளியைக் கட்டைவிரலால் அழுத்திவிடுவதை வீட்டிலேயே செய்து பார்க்கலாம். செலவும் இல்லை, கேடும் இல்லை. ஆனால் ஒரு பகல் முழுதும் நீர்கூட வயிற்றில் தங்காமல், சிறுநீர் குறைந்து, தலைசுற்றல் கண்டால் அது புள்ளியை அழுத்தும் நேரமன்று. உடனே நரம்பு வழியாக நீர் ஏற்றவேண்டும்.

கர்ப்பகால இடுப்புவலிக்குக் கிடைத்துள்ள சான்று இன்னும் நல்லது. சுவீடன் நாட்டில் 386 கர்ப்பிணிகளிடம் செய்து 2005-இல் வெளியிட்ட ஆய்வில், வழக்கமான சிகிச்சையோடு ஊசியும் பெற்றவர்களுக்கு, அதைப் பெறாதவர்களைக் காட்டிலும் வலி வெகுவாகத் தணிந்தது. வலிமாத்திரைகளைப் பெரும்பாலும் விலக்கவேண்டிய காலத்தில் இது பெரிய உதவியே. ஏலக்காட்டில் குனிந்து குனிந்து இடுப்பு விட்டுப்போன நம் பெண்ணொருத்தி ஐந்தாம் மாதத்தில் இதற்காக ஊசிமுனை மருத்துவரை நாடினால் நாம் தடுக்கமாட்டோம்.

தலை திரும்பாத பிள்ளைக்காகச் செய்யும் ஒரு முறையும் உண்டு. கால் சுண்டுவிரல் நகத்தின் வெளியோரப் புள்ளிக்கு அருகில், நம் மாசிபத்திரி இனத்தைச் சேர்ந்த ஒரு செடியின் உலர்ந்த இலையைச் சுருட்டிப் புகையவைத்துச் சூடு காட்டுவது அது. 1998-இல் வெளியான ஆய்வொன்றில், சீனாவில் இவ்வாறு சூடு காட்டப்பெற்ற 130 பேரில் 98 பேருக்குப் பிரசவத்தின்போது பிள்ளை தலைகீழாக இருந்தது; காட்டப்பெறாத 130 பேரில் 81 பேருக்கு அவ்வாறு இருந்தது. பின்னர் வந்த ஆய்வுகள் எல்லாம் ஒரேபோல் இல்லாவிடினும், அவற்றைத் திரட்டிப் பார்த்தவர்கள் இதனால் ஓரளவு பலன் இருக்கலாம் என்றே முடிவுசெய்தார்கள். பலித்ததா என்பதை ஸ்கேன் எடுத்துத்தான் உறுதிசெய்யவேண்டும். கையால் தடவிப்பார்த்துத் திரும்பிவிட்டது என்று எவரும் சொல்லிவிடக்கூடாது.

மாதவிலக்கு வலியைப் பொறுத்தவரை சிலருக்குத் தணிகிறது, சிலருக்கு இல்லை. உறுதியாகக் கூறுமளவுக்குச் சான்று சேரவில்லை. நம் பெண்பிள்ளைகள் மிகுதியாக அலையும் விஷயம் சினைப்பை நீர்க்கட்டியாகும். மருத்துவர்கள் 'பி.சி.ஓ.டி.' என்று சீட்டில் எழுதுவது இதையே. மாதவிலக்கு மாதக்கணக்கில் தள்ளிப்போகும், முகத்தில் ரோமம் தோன்றும், உடல் பருக்கும், கரு தங்குவது தாமதப்படும். சீனாவிலேயே, இம்மருத்துவம் பிறந்த மண்ணிலேயே, இத்தகைய 1,000 பெண்களை 21 இடங்களில் நான்கு பிரிவாக்கிச் சோதித்து 2017-இல் முடிவை வெளியிட்டார்கள். கருமுட்டையைத் தூண்டும் குளோமிஃபின் மாத்திரை பெற்ற பிரிவுகளில் நூற்றுக்கு 28, 29 பேருக்கு உயிருள்ள குழந்தை பிறந்தது. மாத்திரை பெறாத பிரிவுகளில் அது 14 முதல் 17 வரையே. உண்மை ஊசியா, பெயருக்கு ஊசியா என்பதனால் குறிப்பிடத்தக்க வேறுபாடு எதுவும் உண்டாகவில்லை. அடுத்த ஆண்டு ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் சோதனைக்குழாய் முறையில் கருவுற முயன்ற 848 பெண்களிடம் பார்த்தபோதும் இதே கதைதான்: உண்மை ஊசிக்கு நூற்றுக்கு 18.3, பொய் ஊசிக்கு 17.8.

ஆகவே பிள்ளையில்லாத தம்பதிகளிடம் நாம் தெளிவாகக் கூறவேண்டியது இது: ஊசி மனத்தைச் சற்று ஆற்றலாம், தூக்கம் தரலாம், கரு தங்கச் செய்யும் என்று எண்ணி ஆண்டுகளைச் செலவிட்டுவிடாதீர்கள். முப்பத்தைந்தைக் கடந்த பெண்ணுக்கு ஓராண்டு என்பது சிறிய காலமன்று. அன்றியும், குறை கணவரிடத்தில் இருக்கும்போது மனைவிக்கு மட்டும் வாரந்தோறும் ஊசி இடுவதில் பொருள் உண்டோ? விந்துப் பரிசோதனை எளிது, செலவும் குறைவு. ஆடவர் பலர் அதற்கு உடன்படுவதில்லை. தங்கள் மனைவியர் பத்து மருத்துவர்களிடம் அலைவதற்கு மட்டும் உடன்படுகிறார்கள்.

நாம் மெய்யாகவே அஞ்சும் இடத்துக்கு இப்போது வருகிறோம். ஊசியால் வரும் கேடு மிகச் சிறிது. "இரசாயன மருந்தை நிறுத்து, பரிசோதனை வேண்டாம், உடல் தானே சரிசெய்துகொள்ளும்" என்று ஊசியோடு சேர்த்துக் கூறப்படும் சொல்லால் வரும் கேடோ பெரிது. எல்லாச் சிகிச்சையாளரும் இவ்வாறு கூறுவதில்லை, கூறுவோரும் உண்டு.

தைராய்டு சுரப்பி மந்தமாய் உள்ள ஒரு பெண் கர்ப்பமுறுகிறாள் என்று வைத்துக்கொள்வோம். கருவின் மூளை வளர்ச்சிக்குத் தைராய்டு நீர் இன்றியமையாதது. முதல் சில மாதங்களில் கருவுக்குச் சொந்தச் சுரப்பி வேலைசெய்வதில்லை. தாயிடமிருந்து வருவதையே அது நம்பியிருக்கிறது. கர்ப்பத்தில் தாய்க்கு இம்மருந்தின் தேவை கூடுகிறது. வழக்கமான அளவைவிட நாலில் ஒரு பங்கோ அதற்கு மேலோ கூட்டவேண்டி வரும். அந்த நேரத்தில் மாத்திரையை நிறுத்தினால் தாய்க்கு உடனே ஒன்றும் தெரியாது; சற்று அசதி, சற்று உடல் ஊதல், அவ்வளவே. இழப்பு பிள்ளைக்கு, அதுவும் பள்ளிக்கூடம் போகும் வயதில்தான் புலப்படும். இன்னொன்று: தைராய்டு மாத்திரையையும் இரும்புச்சத்து மாத்திரையையும் ஒன்றாக விழுங்கினால் முன்னது உடலில் சரியாகச் சேராது. ஒன்றைக் காலையில் வெறும் வயிற்றிலும், மற்றதை நான்கு மணிநேரம் கழித்தும் கொள்ளவேண்டும். இதைச் சொல்லிக்கொடுப்பார் இல்லாமல் "மாத்திரை சாப்பிட்டும் குணமில்லை" என்று ஊசிக்குப் போனவர்களும் இருப்பார்கள்.

சர்க்கரையும் அப்படியே. 75 கிராம் குளுக்கோஸ் கரைத்த நீரைக் குடிக்கவைத்து, இரண்டு மணிநேரம் கழித்து இரத்தத்தில் பார்க்கும் சோதனை நம் ஆரம்ப சுகாதார நிலையங்களில் கர்ப்பிணிகளுக்குச் செய்யப்படுகிறது. இச்சோதனையைப் பரப்பியவர் சென்னையின் டாக்டர் வி. சேஷய்யா, அவருடைய பிறந்தநாளான மார்ச் 10 கர்ப்பகால நீரிழிவு விழிப்புணர்வு நாளாகக் கொள்ளப்படுகிறது. இரத்த அழுத்தமும் சர்க்கரையும் நாடியில் விரல் வைத்துக் கணிக்கும் பொருள்கள் அல்ல. எந்த ஊசிமுனை மருத்துவர் தம் நோயாளியிடம் "ஆஸ்பத்திரிச் சீட்டைக் கொண்டுவா, மாத்திரையைத் தொடர்ந்து சாப்பிடு" என்று கூறுகிறாரோ, அவரிடம் போகலாம். இதுவே நாம் வைக்கும் உரைகல்.

பிரசவத்தைப் பற்றி இன்னும் கண்டிப்பாகப் பேசவேண்டியிருக்கிறது. 2018 ஜூலையில் திருப்பூரில், பள்ளி ஆசிரியையான இளம் தாய் ஒருவர் வீட்டிலேயே பிரசவிக்க முயன்று, குழந்தை பிறந்தபின் இரத்தப்பெருக்கால் உயிரிழந்தார். அடுத்த மாதமே கோவையில் வீட்டுப் பிரசவத்துக்குப் பயிற்சி என்று விளம்பரம் செய்த ஒருவர் கைதானார். அதே ஆகஸ்டில் நம் தேனி மாவட்டத்துக் கோடாங்கிப்பட்டியில், வீட்டில் குழந்தை பிறந்தபின் தொப்புள்கொடியை அறுக்க விடமாட்டோம் என்று ஒரு குடும்பத்தார் மறுக்க, சுகாதாரத் துறையினரும் காவல்துறையினரும் வாசலில் நின்று பேசவேண்டிய நிலை வந்தது. 2024 பிப்ரவரியில் திருவனந்தபுரம் நேமத்தில், மருத்துவமனைக்குச் செல்லாமல் அக்குபங்சர் சிகிச்சையை நம்பி வீட்டில் பிரசவித்த பெண் தம் சிசுவோடு இறந்தார். கணவரும் அக்குபங்சர் சிகிச்சையாளர் ஒருவரும் கைதுசெய்யப்பட்டனர். இறந்தோரைப் பழிப்பதற்காக நாம் இதனைக் கூறவில்லை. அவர்கள் தம் பிள்ளைக்கு நல்லது செய்வதாகவே எண்ணினார்கள்.

என்ன நடக்கிறது என்பதை விளக்கினால் ஆபத்து புரியும். நிறைமாதத்தில் கருப்பைக்கு நிமிடந்தோறும் ஏறத்தாழ அரை லிட்டர் இரத்தம் ஓடுகிறது. நஞ்சுக்கொடி பிரிந்தவுடன் அது ஒட்டியிருந்த இடத்து இரத்தக்குழாய்கள் திறந்த வாயாக நிற்கும். கருப்பைத் தசைகள் இறுகிச் சுருங்கி அவற்றை நெரித்து அடைக்கவேண்டும். பெரும்பாலான தாய்மாருக்கு இது தானாகவே நிகழ்கிறது. ஆகவேதான் நம் பாட்டிமார் பலர் வீட்டில் பெற்றும் பிழைத்தார்கள். பிழைக்காதவர்களைப் பற்றிப் பேச அவர்கள் இல்லை. எவருக்குக் கருப்பை சுருங்காது என்பதை முன்கூட்டியே உறுதியாகக் கூற எவராலும் இயலாது. சுருங்காவிடில் இரண்டு மணிநேரத்துக்குள் உயிர் போய்விடக்கூடும். பிள்ளை பிறந்தவுடன் இடும் 10 யூனிட் ஆக்ஸிடோசின் ஊசியே இதனைத் தடுக்கும் முதற் காவல். அதற்கும் அடங்காவிடில் இரத்தம் ஏற்றவேண்டும், அறுவை அரங்கம் வேண்டும். மேகமலைத் தோட்டத்திலிருந்து சின்னமனூருக்கு இறங்கும் சாலையை நினைத்துப் பாருங்கள். கம்பத்திலிருந்தே க.விலக்கில் உள்ள தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு ஏறத்தாழ 50 கிலோமீட்டர் தொலைவு உண்டு. உதிரம் கொட்டத் தொடங்கியபின் 108-ஐ அழைத்துப் புறப்படுவதற்கும், வலி கண்டவுடனேயே புறப்படுவதற்கும் இடையிலுள்ள வேறுபாடு ஓர் உயிர். தமிழகத்தில் இன்று நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதுக்கு மேற்பட்ட பிரசவங்கள் மருத்துவமனைகளிலேயே நிகழ்கின்றன. இதை ஓர் இரவில் எவரும் கொண்டுவந்து தந்துவிடவில்லை.

அறுவைச் சிகிச்சைக்கு அஞ்சியே சிலர் வீட்டில் பெற எண்ணுகிறார்கள் என்பதை நாம் அறிவோம். தனியார் மருத்துவமனைகளில் தேவையின்றிக் கத்தி வைப்பதாக நிலவும் குறைபாட்டில் உண்மை இல்லாமலும் இல்லை. அதற்கு மாற்று, சுகப்பிரசவத்துக்குப் பொறுமையோடு காத்திருக்கும் அரசு மருத்துவமனையைத் தேர்ந்துகொள்வதும், உடன் ஓர் அனுபவமிக்க பெண்ணை அழைத்துச் செல்வதுமேயாகும்.

இறுதியாகத் தாய்ப்பால். ஊசியால் பால் பெருகுமா என்பதைப் பற்றிச் சீனாவில் நடந்தவை பெரும்பாலும் சிறிய ஆய்வுகள். அவற்றைக்கொண்டு உறுதி கூற இயலாது. ஆயினும், தொட்டு, படுக்கவைத்து, அரைமணி நேரம் அமைதியாக விட்டபின் பால் இறங்கியது என்று ஒரு தாய் கூறினால் அதைப் பொய்யென்று தள்ளவேண்டியதில்லை. பாலைச் சுரக்கச் செய்வது ஒரு நீர், சுரந்த பாலைக் காம்புக்குத் தள்ளுவது மற்றொரு நீர். முன்னது பிள்ளை சப்பச் சப்ப, குறிப்பாக இரவில், பெருகும். பின்னதோ வலி, அச்சம், கூச்சம் இவற்றால் தடைபடும். மாமியாரும் நாத்தனாரும் சூழநின்று "பால் இல்லையே" என்று பேசிக்கொண்டிருக்கும் அறையில் எந்தத் தாய்க்குப் பால் இறங்கும்? அந்த அரைமணி அமைதியை வீட்டாரே தரலாம்.

நம் தென்மாவட்டங்களில் பிறந்த பிள்ளைக்குச் சேனை வைக்கும் வழக்கம் இன்னும் முற்றாக ஒழியவில்லை. சர்க்கரைத் தண்ணீரோ தேனோ நாக்கில் தொட்டுவைத்தால், வைத்தவரின் குணம் பிள்ளைக்கு வரும் என்பர். குணம் வருமோ அறியோம், கிருமி வரும். ஒரு வயது நிரம்பாத பிள்ளைக்குத் தேன் ஆகவே ஆகாது. முதல் ஒரு மணி நேரத்துக்குள் பிள்ளையைத் தாயின் மார்பில் வெற்றுடலோடு போட்டுவிடுவதே சிறந்த பால் மருந்து. முதல் நாள் சீம்பால் ஒரு வேளைக்கு ஒரு தேக்கரண்டி அளவே வரும். சிசுவுக்கு அதுவே போதும். பால் கட்டிப் பெருகுவது இரண்டாம் நாளுக்கும் நான்காம் நாளுக்கும் இடையில். அதற்குள் புட்டிப்பாலைக் கொடுத்துப் பசியைத் தணித்துவிட்டால் பிள்ளை மார்பைச் சப்பாது, சப்பாவிடில் சுரக்காது. பூண்டும் முருங்கைக்கீரையும் நல்ல உணவே, தாராளமாகக் கொடுங்கள். பத்தியம் என்ற பெயரில் காய்கறியையும் நீரையும் குறைப்பதே தவறு.

மெய்யாகவே பால் வராத தாய்மாரும் உண்டு. கருப்பையில் நஞ்சுக்கொடியின் துணுக்கு தங்கியிருத்தல், தைராய்டு மந்தம் ஆகியவை காரணமாகலாம். பிரசவத்தில் மிகுதியாக இரத்தம் இழந்தவர்களுக்கு மூளையடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பியே பழுதடைந்து பால் அடியோடு நின்றுபோவதும், பின்னர் மாதவிலக்கும் வாராதிருப்பதும் உண்டு. இவற்றுக்கெல்லாம் வாரம் இருமுறை ஊசியிட்டுக் காத்திருந்தால் நோய் முற்றும்.

பால் கட்டிக்கொண்டவர்களுக்கும் பால் சுரக்காதவர்களுக்கும் ஊசிமுனை மருத்துவர் சிலர் தோளின் மேற்பகுதியில், கழுத்துக்கும் தோள்முனைக்கும் நடுவில் ஊசி இடுவார்கள். அவ்விடத்துக்குக் கீழேயே நுரையீரலின் நுனி இருக்கிறது. மெலிந்த தாய்க்கு ஊசி ஆழ்ந்துவிட்டால் நுரையீரல் துளைபடும். அரிதே எனினும் நடந்திருக்கிறது. அவ்விடத்தில் விரலால் அழுத்தினால் போதும் என்று கேட்டுக்கொள்ளுங்கள். எங்கே இட்டாலும், உறை பிரிக்காத புதிய ஊசியை நம் கண்முன் பிரித்து இடவேண்டும். கர்ப்பிணியாய் இருந்தால் அதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். உட்கணுக்காலுக்கு மேலுள்ள புள்ளியையும், கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையிலுள்ள புள்ளியையும் சீன நூல்களே கர்ப்பிணிக்கு விலக்கியிருக்கின்றன. மார்பு சிவந்து, காய்ச்சல் கண்டால் ஊசிமுனையில் காலம் கடத்தாமல் மருத்துவரிடம் செல்லவேண்டும். பிள்ளைக்குப் பால் கொடுப்பதை மட்டும் நிறுத்தவேண்டாம்.

பால் போதுமா, போதாதா என்பதை அறிய எவருடைய நாடியையும் பார்க்கவேண்டியதில்லை. ஐந்தாம் நாளுக்குப்பின் பிள்ளை ஒரு நாளில் ஆறு துணிகளேனும் நனைக்கவேண்டும். பிறந்த எடையை இரண்டு வாரத்துக்குள் மீண்டும் எட்டவேண்டும். அதைப் பார்க்கும் தராசு கிராம சுகாதார செவிலியரிடம் உண்டு, காசு கேட்கமாட்டார்கள்.